பர்கூர் மழைக்குச் சூரியனைப் பிடித்த கதை

பர்கூர் என்றதும் மாடு ஞாபகத்துக்கு வந்தால், நீங்கள் தப்பான பர்கூருக்கு வந்துவிட்டீர்கள். அது ஈரோடு மாவட்டத்து மலைமேல் இருக்கிறது. இது கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பர்கூர். ஜவுளிக்கடைக்கும், 1996-இல் பதவியில் இருந்த முதலமைச்சரையே தோற்கடித்ததற்கும் பேர்போனது. தேர்தல் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை இந்த ஊர் கண்டுபிடித்துவிடும். மழைக்காற்று விஷயம்தான் 200 வருஷமாக இழுபறி.

1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இரண்டு சொத்து சேர்ந்தது. ஒன்று, திப்பு சுல்தானிடம் பிடுங்கிய பாராமகால். நம்ம ஊரெல்லாம் அதற்குள்தான். இன்னொன்று, நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகம். அங்கே 15 அடி உயரத்தில், 10 டன் எடையில் ஒரு கருங்கல் தூணை நிறுத்தி, தமிழ், தெலுங்கு என்று பல மொழியில் பெருமையைச் செதுக்கி வைத்தார்கள். எல்லாம் நட்சத்திரம் பார்க்க, கப்பலுக்கு வழி சொல்ல. வெயில், மழையை எழுதி வைக்கும் வழக்கமே 1796-இல்தான் வந்தது. அதுவும் சென்னை மழை.

பாராமகாலுக்கு அனுப்பப்பட்டவர்கள் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும். நிலத்தை அளந்தார்கள், குடியானவர்களை எண்ணினார்கள், வரி போட்டார்கள். குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் நடை பழகியது. வானத்தை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்கள். நம்ம ஆள் ஒருவர் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டிருப்பார்:

“மழை பேஞ்சா கட்டிடறேங்க தொரை. பேயலைன்னா?”

“பேயும். கணக்குல எழுதியாச்சு.”

பர்கூருக்கான முதல் வானிலை அறிக்கை இதுதான். வெளியிட்டது வருவாய்த்துறை.

குடியானவருக்குச் சொந்தமாக ஒரு வானிலை இலாகா இருந்தது: பஞ்சாங்கம். மார்கழியில் மேகம் கருக்கொள்வதைக் கர்ப்போட்டம் என்பார்கள். கருவுற்ற 195-ஆம் நாள் மழையாகப் பிரசவம் என்பது வராகமிகிரர் கணக்கு. நடுவில் காலம் தப்பித் தூறினால் கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம். ஆக, ஆடியில் மழை வராவிட்டால் பஞ்சாங்கக்காரர் தை மாதத் தூறலைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். இத்தனை வசதியான கணிப்பு முறையைப் பிற்பாடு வந்த விஞ்ஞானிகளாலும் உண்டாக்க முடியவில்லை.

முயன்று பார்த்தார்கள். 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. மறுவருஷமே தாது வருஷப் பஞ்சம். பர்கூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. ஜில்லாவே சுருண்டு விழுந்தது. தானியம் என்னமோ கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. யார் குற்றம் என்று அதிகார வர்க்கம் அலசியதில், 1877-இல் புள்ளிவிவர அதிகாரி ஹண்டர் ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தார்: சூரியன். 11 வருஷத்துக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் குறையும்போது சென்னையில் மழை குறைகிறதாம், பஞ்சம் வருகிறதாம். வரி வசூலித்தவர்களுக்கு நிம்மதி. சூரியனுக்குச் சம்மன் அனுப்பவா முடியும்?

வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்போர்டு இமயமலைப் பனியைப் பார்த்துப் பருவமழைக்குச் சோசியம் சொன்னார். 1904-இல் வந்த கில்பர்ட் வாக்கர் கணக்கு வாத்தியார். அவர் பசிபிக் பெருங்கடல் வரைக்கும் போய்விட்டார். அவரை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. அங்கே காற்றழுத்தம் ஏறினால் இங்கே இறங்கும் என்று அவர் கண்டதுதான் இன்றைய எல் நினோ பேச்சுக்கெல்லாம் அடிப்படை.

இந்த உலகப் பயணத்துக்கு நடுவே உருப்படியான காரியத்தைச் செய்துகொண்டிருந்தது மழைமானி. ஒரு புனல், அடியில் ஒரு பாத்திரம், கோடு போட்ட கண்ணாடிக் குடுவை, அவ்வளவுதான். தானியக் கிடங்கு வாசலில் பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொன்னது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். நம் காலத்தில் கிடங்கு போய்த் தாலுகா ஆபீஸ் வந்திருக்கிறது. காலை 8.30-க்குக் குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளவு பார்க்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் கொட்டியதும் இன்றைய தேதியில்தான் வரவு. மாவட்டப் பட்டியலில் பர்கூருக்குப் பக்கத்திலேயே பாரூர் வேறு. நம்ம மழை அவர்கள் கணக்கில் விழாமல் பார்த்துக்கொள்வது தனிப் பாடு.

2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் கடற்கரையில் குடையோடு மல்லுக்கட்டினார்கள். நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல், வலுவிழந்த பிறகு உள்நாட்டுக்குள் வந்து எங்கள் பக்கத்து ஊத்தங்கரையில் மழையை இறக்கி வைத்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணிக் கணக்குப்படி 50 செ.மீ. குடுவையைப் பிடித்து அளப்பதற்குள் சாலையோரம் நின்ற வேனும் காரும் வெள்ளத்தோடு போய்விட்டன.

பஞ்சாங்கமோ செல்போனோ, எதைப் பார்த்தாலும் சரி. கார்த்திகை மாதத்தில் பள்ளத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், மேட்டில் நிறுத்துங்கள்.