பாதி வீட்டுக்குள் முழு உண்மை

ஆவணப்படம் என்றாலே நமக்கு ஒரு பயபக்தி. டூயட் கிடையாது, ஹீரோ பறக்க மாட்டார், பின்னணியில் ஒரு கனத்த குரல். ‘எல்லாம் நிஜம்’ என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். இந்த நிஜத்தின் பிதாமகர் யார் என்று விசாரித்தேன். மனுஷர் கோடம்பாக்கத்துக்கே செட் போடச் சொல்லிக் கொடுப்பார்!

பெயர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் இரும்புத் தாது தேடப் போனவர். 1913-ல், போகிற போக்கில் ஒரு கேமராவையும் எடுத்துப் போகச் சொன்னார் முதலாளி. இரும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இவர்தான் ஃபிலிம் சுருளுக்குள் தொலைந்து போனார்.

எடுத்தது சுமார் 30,000 அடி. 1916-ல் டொரன்டோவில் எடிட் செய்ய உட்கார்ந்தவர், சிகரெட்டைத் தவற விட்டார். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் பெட்ரோலுக்குச் சித்தப்பா பிள்ளை. நெகட்டிவ் மொத்தமும் போச்சு. அழுதாரா? எப்படியும் அது சுமாரான படம், போனதே நல்லது என்று தேறிவிட்டார். எரித்ததும் அவரே, விமர்சனமும் அவரே!

1920-ல் மறுபடி கிளம்பினார். பணம் போட்டது ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. தொழில், மிருகத் தோல் வியாபாரம். படத்தின் நாயகனோ பளபளக்கும் தோல்களைக் கொண்டுவந்து கடையில் கொடுக்கிறார். ஆக, உலகம் கொண்டாடிய முதல் முழுநீள ஆவணப்படமே ‘பெய்ட் ப்ரமோஷன்’தான்.

படம் ‘நானூக் ஆஃப் த நார்த்’, 1922. நாயகன் நானூக்கின் நிஜப் பெயர் அல்லாகரியாலக். போஸ்டரில் இடம் பத்தாது என்று நினைத்தார்களோ என்னவோ! மனைவிகளாக வந்த பெண்களும் அவருடைய மனைவிகள் இல்லை. அதில் ஒரு ‘மனைவி’க்கும் டைரக்டருக்கும் ஒரு மகன் பிறந்தான். அந்தக் குடும்பக் கதையை மட்டும் ஃப்ளாஹர்ட்டி கடைசிவரை படமாக்கவில்லை.

அப்போதே அந்தப் பனிப் பிரதேசத்து இனுயிட் மக்கள் துப்பாக்கியால்தான் வேட்டையாடினார்கள். டைரக்டருக்கோ தாத்தா காலத்து ஈட்டிதான் வேண்டும். ஈட்டி பாய்ந்த வால்ரஸ் ஒன்று ஆட்களைக் கடலுக்குள் இழுக்க, ‘துப்பாக்கியை எடுங்கள்’ என்று அவர்கள் கத்தினார்கள். இவர் காதில் விழாத மாதிரி கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இன்று விபத்தில் கிடப்பவரைத் தூக்காமல் செல்போனில் படம் பிடிப்பவர்களைத் திட்டுகிறோமே, குலதெய்வம் இவர்தான்.

கிராமபோன் காட்சிதான் உச்சம். நானூக் இசைத்தட்டை வாங்கி, ஆச்சரியமாகப் பார்த்து, கடிக்கிறார். தியேட்டர்களில் சிரிப்பு. உண்மையில் அவருக்கு கிராமபோன் பழக்கமான சாமான். பனியைத் துளைத்துத் தண்ணீர் மொண்டு வந்து ஃபிலிம் கழுவ உதவியதும், கேமராவைப் பிரித்து மாட்டியதும் அந்த ஊர்க்காரர்களே. தட்டைக் கடித்தவர் நடித்தார். அதை நம்பியவர்கள் காதில்தான் பூ.

ஃப்ளாஹர்ட்டியின் அடுத்த படம் சமோவா தீவில். சட்டை போட்டுத் திரிந்தவர்களை மரப்பட்டைத் துணி உடுத்தவைத்து எடுத்த ‘மோவானா’. அதைப் பற்றி 1926-ல் எழுதும்போதுதான் விமர்சகர் ஜான் க்ரியர்சன் ‘டாக்குமென்டரி’ என்ற சொல்லைப் போட்டார். டாக்குமென்ட்! இதை நம்மூர் பத்திர ஆபீஸுக்குக் கொண்டுபோனால் போலிப் பத்திரம் என்று உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

‘நானூக்’ படம் வந்து இரண்டே வருடத்தில் அல்லாகரியாலக் இறந்தார். வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் செத்தார் என்றார் ஃப்ளாஹர்ட்டி. அல்லாகரியாலக் தன் வீட்டிலேயே நோயில், அநேகமாகக் காசநோயில், போய்ச் சேர்ந்ததாகத்தான் தெரிகிறது. பாவம், சாவுக்கும் ஒரு செட்.

அப்படியானால் அந்தப் படத்தில் நிஜமே கிடையாதா? உண்டு. இக்லூ என்ற பனி வீட்டுக்குள் கேமரா நுழையவில்லை, வெளிச்சமும் போதவில்லை. அதனால் பெரிதாகக் கட்டி, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டார்கள். அந்தப் பாதி வீட்டில், ஆர்க்டிக் காற்றுக்கு நேராக, சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்குவதுபோல நடித்தது அந்த இரவல் குடும்பம். பெயர் பொய், உறவு பொய், தூக்கமும் பொய்.

குளிர் மட்டும் சத்தியம்.