மாநிறம், நடுத்தர உயரம்

சீசன் நேரத்தில் ஐந்தருவிக் கூட்டத்தில் ஒரு சங்கிலி அறுபடுகிறது என்று வையுங்கள். பறிகொடுத்த அம்மாள் பார்த்தது ஓடுகிற முதுகையும் ஈரத்தலைக்குக் கீழே அரை முகத்தையும்தான். அந்த அரையை முழுசாக்கித் தருகிற தாராள மனசு போலீசைத் தவிர எந்த இலாகாவுக்கு உண்டு?

கம்ப்யூட்டர் முன்னால் அம்மாளை உட்கார வைத்து, "மூக்கு இதுவா, இதுவாம்மா? புருவம் அடர்த்தியா, லேசா?" என்று பொறுமையாகக் கேட்பார்கள். மனுஷ முகத்தை நாம் மொத்தமாகத்தான் மனசில் வைக்கிறோம். காது தனி, உதடு தனி என்று பிரித்து வைப்பதில்லை. இந்தப் பிறவிக் குறையைத் திருத்தி வைக்கிறார்களே, அது சின்ன உபகாரமா? பார்த்த முகத்தை வாயால் விவரித்தவர்கள் பிறகு அந்த முகத்தையே அடையாளம் காட்டத் தடுமாறினார்கள் என்று 1990-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆக, அம்மாள் நினைவில் மிச்சமிருந்த அரை முகத்தையும் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம்.

முடிவில் வருவது மாநிறம், நடுத்தர உயரம், வயது 25 முதல் 35. அச்சன்புதூர் டீக்கடை பெஞ்சில் காலையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரையும் ஒதுக்காத படம். பண்பொழி, வடகரை என்று பாகுபாடும் கிடையாது. இப்படியொரு சமத்துவத்தை எந்தக் கட்சியும் கொண்டுவரவில்லை.

வெளிநாட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பில் 'இரண்டாம் ஆள்' என்று அமெரிக்கா முழுக்கத் தேடிய படத்தை என்ன சொல்லிப் பாராட்டுவது! அச்சு அசல். லாரி வாடகைக் கடைக்கு மறுநாள் வந்துபோன, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிப்பாயின் அச்சு அசல்.

2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்தார் சொந்தக் காசில் கேமரா மாட்டியிருந்ததால் சர்க்காருக்கு அந்தச் செலவு மிச்சம். ஒரு வாரத்தில், ஜூலை 1 அன்று, நம் செங்கோட்டைப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஒருவர் கைதானார். செப்டம்பரில் சிறையிலேயே இறந்துபோனார். ஆள் சரிதானா என்று சொல்கிற சிரமமும் கோர்ட்டுக்கு வரவில்லை.

இப்போது வேலை இன்னும் சுலபம். 2021 அக்டோபரில் தமிழகக் காவல்துறைக்கு முகம் அறியும் மென்பொருள் வந்தது. ராத்திரி ரோந்தில் ஏட்டையா செல்போனை நீட்டினால் போதும், பழைய குற்றவாளிகளின் படங்களோடு உங்கள் முகத்தை ஒப்பிட்டுவிடலாம். டெல்லி போலீசுக்கு 80 விழுக்காடு ஒத்துப்போனாலே பொருத்தம்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு 2022-ல் அவர்களே சொன்ன பதில் இது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தால் நாம் கல்யாணமே முடிக்கிறோமே, அவர்கள் கைது செய்யக் கூடாதா?

நம்மூர் மென்பொருளின் அடக்கம் 2024 மே மாதம் தெரிந்தது. யாரோ நிர்வாகியின் கடவுச்சொல்லோடு அதற்குள்ளேயே புகுந்துவிட்டார். வந்தது யார் என்று அது முகம் பார்க்கவில்லை.

ஆகவே மாநிறமும் நடுத்தர உயரமும் வாய்த்த அன்பர்கள், சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலம் போவதானால், துண்டோடு ஆதார் கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.