மடிக்கணினி வந்தது, மொழி வரவில்லை

கேள்வி: மலேசியப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பித்த திட்டம் ஏன் நிலைக்கவில்லை?

பதில்: மகாதீர் பிரதமராக இருந்தபோது, 2003-இல் இத்திட்டம் தொடங்கியது. தொடக்கப்பள்ளியின் முதலாம் ஆண்டு, இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவம், ஆறாம் படிவத்தின் முதல் ஆண்டு என மூன்று படிகளில் ஒரே சமயத்தில் நுழைந்தது. தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை, மடிக்கணினி, குறுந்தகடு எல்லாம் கிடைத்தன. மடிக்கணினியை ஒரே நாளில் வகுப்புக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆசிரியர் நாவில் ஆங்கிலம் அப்படி ஏறிவிடாது. தாய்மொழியில் படித்து, அதிலேயே பாடம் நடத்திப் பழகியவர்கள் அவர்களில் பலர். பின்னம் புரியாத பிள்ளைக்கு அதை அறியாத மொழியில் விளக்கினால் கணக்கும் வராது, ஆங்கிலமும் வராது. தேர்வுத்தாள்களும் இரு மொழிகளில் அச்சாயின. தெரிந்த மொழி பக்கத்திலேயே இருக்க, எந்தப் பிள்ளை மற்றதைப் படிக்கும்?

அதிகம் அடிபட்டவர்கள் கிராமப்புற மாணவர்கள். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைகள் அவர்கள். அவர்களை இப்படிப் பின்தள்ளியது கவனக்குறைவல்ல, அநீதி. மலாய் மொழி அமைப்புகள் கோலாலம்பூரில் 2009 மார்ச்சில் திட்டத்தை எதிர்த்துப் பேரணி நடத்தின, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அமைச்சரவை திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிகள் திரும்பின. பிள்ளைகளின் ஆங்கிலம் குறையும் என்று நகரப் பெற்றோர் பலர் அதை எதிர்த்தனர். ஆங்கிலத்தை ஆங்கில வகுப்பிலேயே, நல்ல ஆசிரியரைக் கொண்டு கற்பிப்பதே அவர்களுக்குரிய சரியான பதில். ஆனால் 2016-இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில், பெற்றோர் சம்மதத்தோடு விரும்பும் பள்ளிகளுக்கு ஆங்கிலவழி மறுபடி திறக்கப்பட்டது.