டெல்ஃப்ட் நீலமும் சொட்டு நீலமும்

டெல்ஃப்ட்,
ஞாயிறு, மழை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அம்மா தினமும் வாட்ஸப்பில் அனுப்பும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூவை வைத்து அங்கும் நலம் என்று தெரிந்துகொள்கிறேன்.

நீ கேட்ட நீலத் தட்டை, ஊருக்கு வரும் நண்பரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிரித்த கையோடு அத்தானிடம் காட்டிவிடாதே. முதலில் கடிதத்தை முழுசாகப் படி. அது கடையில் வாங்கியதில்லை, உன் தம்பி கைப்பட வரைந்தது.

கஞ்சன் என்று திட்டாதே. கடைக்குப் போகத்தான் செய்தேன். இங்கே சந்தைத் திடலில் 'புதிய தேவாலயம்' என்று ஒன்று இருக்கிறது. அதன் கோபுரத்தைக் கட்டி முடித்தது 1496-இல். நம்மூர் புதுத்தெரு எவ்வளவு புதுசோ அவ்வளவு புதுசு. அதன் எதிரே வரிசையாகத் தட்டுக் கடைகள். கையால் வரைந்த தட்டு ஒன்றைத் தூக்கி விலைச்சீட்டைப் பார்த்தேன். தூங்கும் பிள்ளையைத் தூளியில் போடுவதுபோல இரண்டு கையாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூச்சு விடாமல் வெளியே வந்தேன்.

இந்த ஊரில் பழைய சாமான் கடைக்கு 'கிரிங்லோப்' என்று பெயர். அங்கே வெள்ளைத் தட்டு ஒன்று ஒரு யூரோ. ஆறு வாங்கினேன். பீங்கானில் எழுதும் நீலப் பேனாவும் ஒன்று. உன் மருமகள் கேட்டாள், "ஓவியப் பாடத்தில் அப்பாவுக்கு எத்தனை மார்க்?"

முதல் தட்டில் காற்றாலை வரைந்தேன். எதிர்வீட்டு மூதாட்டி வந்து பார்த்தார். டச்சுக்காரர்களுக்குப் பூசி மெழுகத் தெரியாது. "இது மின்விசிறியா?" என்று கேட்டுவிட்டு நான் போட்ட காபியைக் குடித்தார். வரைந்த தட்டை ஒரு நாள் காயவிட்டு, ஓவனில் 150 டிகிரியில் 35 நிமிடம் சுட வேண்டும். சூடு ஆறும்வரை உள்ளேயே விட வேண்டும் என்பதும் பேனா டப்பாவில் போட்டிருந்தது. நான்தான் அதுவரை படிக்கவில்லை. சுடச்சுட எடுத்து ஈரக் கல்மேடையில் வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். மின்விசிறி இரண்டாகப் போயிற்று.

இரண்டாவது தட்டு ஒழுங்காக வெந்தது. அந்தப் பெருமையில் அதிலேயே சாம்பார் சாதம் பிசைந்தேன். சாப்பிடுகிற இடத்தில் இந்த மை கூடாது, சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்று வீட்டுக்காரி பிறகு சொன்னாள். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் நார் பட்டு, பாய்மரக் கப்பலில் பாய்மரம் காணாமல் போயிருந்தது.

வெறுத்துப்போய் இங்குள்ள பழைய தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தேன். 1653-இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. ஓவியர்கள் உட்கார்ந்து வரைவதை நாம் நின்று பார்க்கலாம். அக்கா, அவர்கள் தொட்டு வரைவது நீலமே இல்லை, கறுப்பு! கோபால்ட் மை சூளைக்குள் போய்த்தான் நீலமாகிறது. ஒருமுறை சுட்ட மண் தட்டு மையைச் சட்டென்று குடித்துவிடுவதால், தப்பாக இழுத்த கோட்டை அழிக்கவும் முடியாது. என் பேனாவோ மூடியைத் திறக்கும்போதே சொட்டு நீலம்.

இன்னொன்றும் பார்த்தேன். படத்தைத் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தி, தட்டின்மேல் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டுகிறார்கள். புள்ளி புள்ளியாகப் படம் இறங்குகிறது. நீ தையல் வகுப்புக்குப் போன காலத்தில் ட்ரேஸ் தாளைக் குத்தி, மண்ணெண்ணெயில் நீலப் பொடி குழைத்துத் தலையணை உறைமேல் தேய்ப்பாயே, அதேதான். திண்ணையில் உட்கார்ந்து உனக்கு ஊசி குத்திக் கொடுத்தவன் நான். இவர்களுக்கு ஐரோப்பியப் பாரம்பரியம், நமக்குக் கைவலி.

போலித் தட்டு என்று அத்தான் சிரித்தால் இதைச் சொல். இந்த ஊர் பெயரெடுத்ததே போலியில்தான். டச்சுக் கம்பெனி (1658-இல் நம் நாகப்பட்டினத்தைப் பிடித்த அதே கம்பெனி) சீனப் பீங்கானைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தது. 1644-இல் மிங் ஆட்சி கவிழ்ந்தது, சீனாவில் ஒரே குழப்பம், சரக்கு வரத்து குறைந்தது. பீங்கான் செய்யும் சூட்சுமம் அன்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. டெல்ஃப்ட் குயவர்கள் சாதாரண மண்ணில் தட்டு செய்து, வெள்ளீயம் கலந்த பூச்சால் வெள்ளையாக்கி, சீனப் பூவும் சீன மலையும் வரைந்து, 'போர்சலைன்' என்று பெயர் சொல்லியே விற்றார்கள். நொடித்துப்போன பீர் ஆலைகள் பலவற்றில் இந்தச் சூளைகள்தான் குடியேறின. பிற்பாடு சீனர்கள் டெல்ஃப்ட் தட்டைப் பார்த்துக் காப்பியடித்த கதையும் உண்டு.

மூன்றாவது தட்டில் எனக்குத் தெரிந்ததை வரைந்தேன். அம்மாவின் ஏழு புள்ளிச் சிக்குக் கோலம். அதுதான் உனக்கு வருகிறது. மூதாட்டி இந்த முறை மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் காலத்து டிசைன்?" என்றார். கேட்டுக்கொண்டே தட்டைக் கவிழ்த்தார். அசலாக இருந்தால் அடியில் குட்டிப் பாட்டில் முத்திரையும், ஓவியர் கையெழுத்தும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். அந்த முத்திரையை மட்டும் நான் போடவில்லை. அது திருட்டு. 'நாகை' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, நான் அதுவரை கவனிக்காத ஒரு வரி அச்சடித்திருந்தது: 'சீனாவில் தயாரிக்கப்பட்டது'.

மூதாட்டி சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. ஆகவே, அத்தான் கேட்டால் அசல் சீனப் பீங்கான் என்று தைரியமாகச் சொல்.

சுவரில் மாட்டு. சாம்பார் ஆகாது. இன்னும் மூன்று தட்டு மிச்சம் இருக்கிறது. உன் டிரங்குப் பெட்டியில் அந்த அன்னப்பட்சி ட்ரேஸ் தாள் கிடந்தால், வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

அன்புடன்,
தம்பி