வண்ண அரிசி விற்று வாழ்வது எப்படி?

குழந்தைகள் தொட்டு, அள்ளி, கொட்டி விளையாடும் சென்சரி ப்ளே பொருள்களை வீட்டிலேயே கையால் செய்து விற்க ஐந்து பொருள்கள் போதும். இட்லி அரிசி, ஃபுட் கலர், வினிகர், ஒரு மொட்டை மாடி, கோபப்படாத ஒரு குடும்பம். முதல் மூன்றும் மளிகைக் கடையில் கிடைக்கும். நான்காவதற்கு அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளரிடம் பேச வேண்டும். ஐந்தாவது இல்லாமலே பலரும் தொழில் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே தைரியமாக இறங்கலாம். வழிமுறைகள் கீழே.

1. பெயர் வையுங்கள்

‘லிட்டில்’, ‘டைனி’, ‘ஹேப்பி’ ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு தொழிலின் பெயரில் இருக்க வேண்டும். லோகோவில் வானவில் கட்டாயம். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். என்ன விற்கப்போகிறோம் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்து, ‘மாண்டிசோரி’ என்ற சொல்லை எங்காவது நுழைத்துவிடுங்கள். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தவர். எனவே நம்மூர்க்காரர் என்றே உரிமை கொண்டாடலாம். அவருடைய கற்றல் பொருள்களில் ஒன்றான இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 10 கனசதுரங்கள், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. பத்தும் ஒரே நிறம். குழந்தையின் கவனம் அளவில் மட்டும் நிற்கட்டும் என்று நிறத்தைக்கூட மாற்றாமல் விட்டவர் அவர். நீங்கள் ஏழு நிற அரிசி, ஆறு விலங்கு, மினுமினுப்புத் தூள், ரோஜா வாசனை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே அவர் பெயரை ஒட்டுங்கள்.

2. அரிசிக்குச் சாயம் ஏற்றுங்கள்

ஒரு கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வினிகர், கொஞ்சம் ஃபுட் கலர். ஜிப்லாக் கவரில் போட்டுக் குலுக்கினால் இரண்டு நிமிடத்தில் நிறம் ஏறிவிடும். காய்வதற்குத்தான் நேரம் ஆகும். ரேஷன் அரிசியைத் தொடாதீர்கள். அதைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம்.

மாடியில் பழைய வேட்டியை விரித்து, நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் எனப் பரப்பி, நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள். முதலில் காகம் வரும். நீல அரிசியைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மஞ்சளைத் தின்னும். அடுத்து மூன்றாவது மாடி மாமி வருவார். “இது என்ன வடகம்? புதுசா இருக்கே” என்பார். விளக்கினால், “அப்போ சாப்பிட முடியாதா?” என்று கேட்டு, இறங்கிப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கடைசியாக மாமியார் வருவார். “சாப்புடுற அரிசிக்கு எதுக்கும்மா சாயம் பூசுற? லட்சுமி கோவிச்சுக்குவா.” இதற்குப் பதில் சொல்லாமல் அரிசியைக் கிளறிவிடுங்கள். கிளறுவதும் அவசியம், இல்லாவிட்டால் கட்டி தட்டும்.

நான்கு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒரு வீடியோ அனுப்புவார். “சிஸ், ரைஸ் தானா மூவ் ஆகுது.” வண்டு வைத்துவிட்டது. அம்மாவுக்கு போன் செய்தால் “வசம்பு போடு, காஞ்ச மிளகாய் போடு” என்பார். மிளகாய் பட்ட கையைக் கண்ணில் வைக்கும் வயதினருக்கு விற்கிறோம் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். அரிசியைச் சாயம் ஏற்றும் முன் சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டைகள் செத்துவிடும். ஃப்ரீசரில் இடம் வேண்டுமென்றால் மறுபடி மாமியாரிடம் பேச வேண்டும்.

3. மாவு பிசையுங்கள்

இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, கொஞ்சம் எண்ணெய், வெந்நீர். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் நவம்பர் மாதச் சென்னையில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு வியர்க்கும். டப்பாவைத் திறந்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். மனம் தளர வேண்டாம். உலகப் புகழ்பெற்ற ப்ளே-டோ, கரியடுப்புப் புகை படிந்த சுவர்த்தாளைத் துடைப்பதற்காக அமெரிக்காவின் சின்சினாட்டியில் செய்த மாவு. கரியடுப்பு போனதும் விற்பனை படுத்தது. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகு, 1956-ல் விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. சுவர் துடைக்கும் பொருள் விளையாட்டுப் பொருள் ஆகலாம் என்றால், உங்கள் விளையாட்டுப் பொருளும் சுவர் துடைக்க உதவாமலா போகும்?

4. படம் எடுங்கள், பதில் சொல்லுங்கள்

படம் எடுக்கும்போது குழந்தை அருகில் இருக்கக் கூடாது. வெள்ளை விரிப்பு, மரக் கிண்ணம், ஓரத்தில் ஒரு மணி பிளான்ட் இலை. குழந்தை வேண்டுமென்றால் அரிசியில் கை வைப்பதற்கு ஒரு விநாடி முன்னால் எடுங்கள். அடுத்த விநாடியில் அரிசி சோபாவுக்கு அடியில் இருக்கும். அது வாங்குபவர் வீட்டிலும் நடக்கத்தான் போகிறது, முன்கூட்டியே சொல்வானேன்?

படத்திலேயே ‘499 ரூபாய்’ என்று பெரிதாக எழுதுங்கள். உடனே கேள்விகள் வரும்.

“பிரைஸ் சிஸ்?”

“499 மேம். டெலிவரி ஃப்ரீ.”

“உள்ள என்ன இருக்கு?”

“வண்ண அரிசி, கரண்டி, புனல், ஆறு விலங்கு பொம்மை.”

“அரிசி எங்க வீட்லயே இருக்கே.”

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையையும், கூட்டாஞ்சோற்றுக்கு மண்ணையும் காசு கொடுத்தா வாங்கினோம் என்று அவர் கேட்கவில்லையே என மகிழுங்கள். அவருக்கு வேண்டியது அரிசி இல்லை. செல்போன் இல்லாமல் குழந்தை உட்காரும் அரை மணி நேரம். அதற்கு விலை எழுத இன்னும் யாரும் பழகவில்லை. அதனால் அரிசிக்கு விலை சொல்கிறோம்.

5. ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டரை வரவேற்றுக் கலங்குங்கள்

நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு செய்தி வரும்: “சிஸ், 60 பீஸ் வேணும். பட்ஜெட் 50 ரூபாய். எல்லாத்துலயும் பேர் போட்டுத் தரணும்.” பெயர்கள் நியூமராலஜி பார்த்து வைத்தவை. ஆங்கிலத்தில் ‘ஏ’ மூன்று முறை வருவது பிழை இல்லை. நீங்கள் நல்லெண்ணத்தில் ஒன்றைத் திருத்திவிட்டால் அந்தக் குழந்தையின் எதிர்காலத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. விடிய விடிய ஸ்டிக்கர் ஒட்டும்போது வீட்டுக்காரர் தன் நண்பரிடம் போனில் சொல்வது காதில் விழும்: “சும்மா டைம்பாஸுக்குப் பண்றாடா.”

6. சட்டத்தைப் படிக்காமல் இருந்து பாருங்கள்

மத்திய அரசின் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். ‘இது பொம்மை அல்ல, கற்றல் கருவி’ என்று பெட்டியில் எழுதித் தப்பலாம் எனச் சிலர் யோசனை சொல்வார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட, பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையே ஆணை பார்க்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அந்த வழியைத் தொடக்கத்திலேயே விசாரிப்பது நல்லது.

வரி இன்னும் சுவையானது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டினால், விலக்குப் பெற்ற சில கைவினைப் பொருள்கள் தவிர, முதல் பெட்டிக்கே பதிவு வேண்டும். ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். எல்லைக்கு அப்பால், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அனுப்ப ஆடிட்டர் வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு மட்டும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் வந்தால் மூடிவிடுங்கள்.

7. இதில் மட்டும் விளையாடாதீர்கள்

3 வயதுக்கு உட்பட்டோருக்கான பொருளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று கொள்வார்கள். மூக்கில் போன பட்டாணி ஈரத்தில் ஊதும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் பருக்கும், குடலை அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் 2023-ல் பெரிய கடைகள் அவற்றைக் குழந்தைகளுக்கான பொருளாக விற்பதையே நிறுத்தின. இங்கே இன்னும் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

நம்மூர் ஆபத்தும் ஒன்று உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி, படத்தில் அவ்வளவு அழகாக விழும். மென்று விழுங்கினால் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. ‘இயற்கைப் பொருள்’ என்று எழுதிவிட்டால் நஞ்சு நஞ்சாகாமல் போய்விடாது. ‘பெரியவர் அருகில் இருக்க வேண்டும்’ என்ற வரியைப் பெட்டியின் அடியில் போடாமல் மூடியின் மேல் போடுங்கள்.

8. கணக்குப் பார்க்காதீர்கள், பார்த்தால் தூக்கம் வராது

அப்படியும் பார்ப்பேன் என்றால், ஒரு பெட்டிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். அரிசி 60, சாயமும் வினிகரும் 15, டப்பா 90, கரண்டியும் புனலும் 70, விலங்குகள் 80, அட்டைப்பெட்டியும் டேப்பும் 35, ஸ்டிக்கர் 15. மொத்தம் 365 ரூபாய். அடுத்து கூரியர். பெட்டியின் எடை ஒன்றரைக் கிலோதான். ஆனால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 30, 25, 15 செ.மீ. பெட்டிக்கு 2.25 கிலோ வரும். உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கட்டணம். 95 ரூபாய் என்று வையுங்கள். 499-ல் மிச்சம் 39.

சாயம் ஏற்றி, காய வைத்து, படம் எடுத்து, “பிரைஸ் சிஸ்?”க்குப் பதில் சொல்லி, பேக் செய்ய மூன்று மணி நேரம். மணிக்கு 13 ரூபாய். எட்டு மணி நேரம் உழைத்தால் 104. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அங்கே “டைம்பாஸுக்குப் போறியா?” என்று யாரும் கேட்பதில்லை.

பெட்டிக்குள் போன கரண்டி வரை எழுதிய கணக்கில், அதைச் செய்த கை மட்டும் எழுதப்படவில்லை. மணிக்கு 80 ரூபாய் என்று எழுதிப் பாருங்கள். விலை 700 வரும். கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் போடாமல் போய்விடுவார்கள். மீதிப் பேருக்குச் செய்யுங்கள். அவர்களிலும் ஒருவர் “கொஞ்சம் குறைங்களேன் சிஸ்” என்பார். கட்டாயம் குறையுங்கள்: பெட்டியிலிருந்து இரண்டு யானையையும் மினுமினுப்புத் தூளையும். குழந்தைக்கும் அதுதான் நல்லது. கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.