அதலபாதாளத்தில் விழுந்தும் சாகாமை: ஒரு தருக்க ஆராய்ச்சி

வூசியா எனப்படும் சீன வீரசாகசக் கதைகளில் நல்லவன் ஒருவன் மலைவிளிம்பில் நின்றால், விழுவான். விழுந்தால் சாகமாட்டான். மேலே வரும்போது முன்னிலும் பலசாலியாக வருவான். இம்மூன்றும் வாசகர் அனைவரும் அறிந்தவையே. ஏன் என்று வினவுவோர்தாம் அரியர். அக்குறையை நீக்குவான் வேண்டி, மணிமேகலையில் அறவண அடிகள் காட்டிய அளவை நெறிப்படி இப்பொருளை ஈண்டு ஆராய்வாம்.

பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று): கதைக்கு வேண்டியவரை எந்தப் பள்ளமும் கொல்லாது.

திட்டாந்தம் (எடுத்துக்காட்டு): வூசியா எழுத்தாளர் ஜின் யோங்கின் நாவல்களே இதற்குப் போதும். குன்லுன் மலையில் ஜாங் வூஜி என்ற சிறுவன் விழுகிறான். பாறைத் துளை ஒன்றின் வழியே ஊர்ந்து போனால் பழமரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. அங்கே ஒரு வெள்ளைக் குரங்குக்கு வயிற்றில் கட்டி. கீறிப் பார்த்தால், எண்ணெய்த் துணியில் சுற்றிய லங்காவதார சூத்திரம் என்ற பௌத்த நூல்; அதன் வரிகளுக்கு இடையே ஒன்பது யாங் வித்தை! ஐந்தாண்டுக்குமேல் கற்றுத் தேறி வெளியே வந்தவனை வில்லன் ஒருவன் பள்ளத்தில் தள்ளிவிடுகிறான். இம்முறை கால் எலும்பு முறிந்ததே தவிர உயிர் போகவில்லை. தள்ளிய வில்லனோ அதே துளைக்குள் நுழையப்போய், நடுவில் சிக்கிச் செத்தான்.

தாலி நாட்டு இளவரசன் துவான் யூ வூலியாங் மலையில் விழுந்து ஒரு குகையை அடைகிறான். அங்கிருந்த ஜேடு கல் பதுமையின் காலணியில் ஆயிரம் முறை வணங்குமாறு எழுதியிருக்கிறது. பையன் அப்பாவி, அப்படியே செய்கிறான். நெற்றி பட்டுப் பட்டு முன்னிருந்த திண்டு கிழிய, உள்ளே வித்தைச் சுவடி. வணங்காதவனுக்குக் கல்வியில்லை என்பது இதனால் பெறப்படும்.

மறுப்பும் விடையும்: ‘இவர்கள் உடலை இலேசாக்கிப் பறக்கும் வித்தை கற்றவர்கள், அதனால் பிழைத்தார்கள்’ என்பாரும் உளர். அற்றன்று. விழுந்தபோது துவான் யூவுக்கு ஒரு குத்துவிடக்கூடத் தெரியாது. பௌத்த நூல் படித்துவிட்டு, சண்டை கற்க மாட்டேன் என்று வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை அவன்.

‘நல்லவர் பிழைப்பர், தீயவர் சாவர்’ என்பது இன்னொரு கட்சி. அதுவும் பொருந்தாது. ஜின் யோங்கின் இன்னொரு நாவலில் வரும் சியூ சியான்சி நல்லவள் அல்லள். கணவன் அவளுடைய கைகால் நரம்பை அறுத்துக் குழியில் எறிந்தான். மேலிருந்து உதிர்ந்த இலந்தைப் பழத்தைத் தின்று பல்லாண்டு பிழைத்து, கொட்டையை வாயால் உமிழ்ந்தே ஆளைக் கொல்லப் பழகினாள். பின்னொரு நாள் பழிவாங்கப் போய்க் கணவனோடு சேர்ந்து விழுந்தாள், இருவரும் மாண்டனர். முதல் வீழ்ச்சிக்கும் இரண்டாவதற்கும் இடையே அவள் குணம் மாறவில்லை. கதையில் அவளுக்கு இருந்த வேலைதான் முடிந்துவிட்டது.

ஏது (காரணம்): இங்கேதான் நுட்பம். 1959 மே 20 அன்று ஹாங்காங்கில் ‘மிங் பாவ்’ நாளேடு பிறந்தது. நிறுவியவர்களில் ஒருவர் ஜின் யோங். முதல் இதழிலேயே அவருடைய தொடர்கதையும் தொடங்கியது. அந்தத் தொடரில்தான் நாயகி சியாவ்லோங்னூ உடலில் விஷத்தோடு பள்ளத்தாக்கில் குதித்தாள். அடியில் குளம். மீனும் தேனும் உணவு. தேனீக்களின் இறகில் ஊசியால் எழுத்துக் குத்தித் தன் முகவரியை அனுப்பினாள். அங்கே அஞ்சல் வசதி அவ்வளவுதான். பதினாறு ஆண்டு கழித்துக் காதலன் யாங் குவோவும் குதித்தான். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது, அவளுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை.

நாளை விடிந்தால் அடுத்த அத்தியாயம் வேண்டும். நாயகி செத்தால் வாசகர் பத்திரிகையை நிறுத்துவார், பத்திரிகையோ எழுதுகிறவருடையது. இந்நிலையில் புவியீர்ப்பு விசையால் என்ன செய்ய முடியும்?

நிகமனம் (முடிவு): வேண்டியவர் விழுந்தால் பள்ளம் பள்ளிக்கூடம், வேண்டாதவர் விழுந்தால் சுடுகாடு. இதனை முடிவு செய்வது மலையின் உயரமன்று, தொடரின் நீளமே என்பது துணிபு.

எனவே வூசியா உலகில் கால் வைக்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: விளிம்பில் நிற்குமுன், கதையில் இன்னும் எத்தனை அத்தியாயம் பாக்கி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.