நம்ம பக்கம் எல்லாம் ஓகே சார்

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தரக் கம்பெனிகளில் இவரைப் பார்க்கலாம். பதவி ஐ.டி. இன்சார்ஜ். படித்தது கம்ப்யூட்டர், பார்ப்பது பஞ்சாயத்து.

இன்டர்நெட்டுக்கு ஒருவர், அது போனால் இன்னொருவர், ஈ.ஆர்.பி.க்குக் கோயம்புத்தூர்க்காரர், ஃபயர்வாலுக்குக் கிண்டிக்காரர், வாடகை பிரிண்டருக்கு அம்பத்தூர், கைரேகை மெஷினுக்கு ஆவடிப் பையன். எல்லாரிடமும் ஏ.எம்.சி. என்ற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, எஸ்.எல்.ஏ. என்ற சேவை உறுதியும் உண்டு. நாலு மணி நேரத்துக்குள் திரும்பக் கூப்பிடுவதாகத்தான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சரிசெய்து தருவதாக அல்ல. பெரிய கம்பெனிகளில் இந்தப் பஞ்சாயத்துக்கு 'சயாம்' என்று பெயர், சான்றிதழ்த் தேர்வெல்லாம் உண்டு. இங்கே அது ஒரு வாட்ஸ்அப் குரூப்.

வினை சாயங்காலம்தான் வரும். லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. வருட வியாபாரம் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசு போர்ட்டல் ஐ.ஆர்.என். நம்பர் கொடுத்தால்தான் பில். பில் இருந்தால்தான் லாரி ஒரகடம் போகும். நம்பர் வரவில்லை.

"அண்ணே, டிரைவர் சத்தம் போடுறாருண்ணே," என்று கேட்டிலிருந்து செக்யூரிட்டி.

ஈ.ஆர்.பி.காரர்: "சாஃப்ட்வேர் ஓகே சார், நெட்டப் பாருங்க."

நெட்காரர்: "லிங்க் அப்லதான் சார் இருக்கு, ஃபயர்வால்ல கேளுங்க."

ஃபயர்வால்காரர்: "நாங்க எதையும் பிளாக் பண்ணல சார். சர்வர ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்களேன்."

திருமழிசையாழ்வார் சொன்னதும் காஞ்சிப் பெருமாள் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அந்த ஆழ்வார் பிறந்த ஊரில் உட்கார்ந்து இவர் மூணாவது ரிமைண்டர் அனுப்புகிறார்.

கடைசியில் மூவரையும் ஒரே காலில் பிடித்துப்போட்டு, "யாரும் கட் பண்ணாதீங்க" என்று மிரட்டிய பிறகு விஷயம் வெளியே வருகிறது. பூந்தமல்லிப் பக்கம் ஜே.சி.பி. தோண்டியதில் முதல் லைன் அறுந்து, எல்லாம் தானாக இரண்டாவது லைனுக்கு மாறியிருக்கிறது. நெட்காரர் 'அப்' என்றது அந்த லைனைத்தான். போர்ட்டலில் பதிந்திருப்பதோ முதல் லைனின் ஐ.பி. முகவரி. புது முகவரியிலிருந்து கதவைத் தட்டினால் அது திறக்குமா? ஆக, மூன்று பேர் சொன்னதும் உண்மை. அதுதான் கொடுமை. இரண்டாவது முகவரியையும் பதிந்துவைப்பது எவர் ஒப்பந்தத்திலும் இல்லை. எவர் ஒப்பந்தத்திலும் இல்லாததெல்லாம் இவர் வேலை.

ஜெனரல் மோட்டார்ஸே இந்தப் பஞ்சாயத்தில் மாட்டியிருக்கிறது. 2006இல் கணினி வேலையை இ.டி.எஸ்., எச்.பி., ஐ.பி.எம்., விப்ரோ என்று பலருக்குப் பங்குபோட்டது. 2012இல், வெளியே இருந்த சுமார் 90 சதவீத வேலையை வீட்டுக்கே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. இந்தக் கதையைப் பற்றி இவர் ஆபீசில் மூச்சுவிடுவதில்லை. "அப்ப எல்லாத்தையும் நீயே பாத்துக்கப்பா" என்று முதலாளி சொல்லிவிட்டால்?

லாரி கிளம்பியதும் மூன்று மெயில் வருகின்றன. டிக்கெட் முடிந்தது, காரணம் வாடிக்கையாளர் பக்கக் கோளாறு, ஸ்டார் போடவும். மூவருக்கும் அஞ்சு அஞ்சு ஸ்டார் போடுகிறார். நாளைக்கும் போனை எடுக்க வேண்டுமே!